அறந்தாங்கியில் இறங்கிய ஒற்றன்

நாளெல்லாம் கையெழுத்துப் பார்க்கிற வேலை என்னுடையது. மீமிசலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கிளை அஞ்சலகம் நடத்துகிறேன். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு தராசு, நான். பதிவுத் தபால் வாங்க வருகிறவர்கள் என் மேசை மேல் குனிந்து கையெழுத்துப் போடுவதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலர் ஒவ்வோர் எழுத்தாக உட்காரவைத்து, கடைசி எழுத்துக்கு இடம் பற்றாமல் மேலே ஏற்றிவிடுவார்கள். சிலருக்குப் பேனாவை வைத்ததும் தெரியாது எடுத்ததும் தெரியாது. எழுதத் தெரிந்தும் கூச்சப்பட்டுக் கட்டைவிரலை நீட்டுகிற ஆட்களும் வருவார்கள். இப்படிப்பட்டவளுக்குக் கையெழுத்துப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அது சி.ஐ.டி. கதைகளோடு போய் ஒட்டிக்கொண்டதுதான் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

நான் சேர்ப்பது ஒற்றர் நாவல்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்களே, அட்டையில் ஒரு கப்பலும் ஒரு துப்பாக்கியும் காரணமே இல்லாமல் ஒரு பெண்ணும் இருப்பார்களே, அந்த ரகம். முதல் பதிப்பாக இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாமல் கிடைத்தால், எழுதியவரைத் தேடிப்பிடித்தாவது வாங்கிவிடுவேன். முதல் பதிப்பு என்று நான் பெருமையாகச் சொன்னாலும் உண்மை என்னவென்றால், இவற்றில் முக்கால்வாசிக்கு இரண்டாம் பதிப்பே கிடையாது. துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர், "ஊர்ல பொம்பளைங்க பட்டுச்சேலை சேக்குறாங்க. நீ பழைய பேப்பர சேக்குற," என்பார். பட்டுச்சேலையைவிட இதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். எங்கள் ஊர் உப்புக் காற்றில் நாவல்களைத் தைத்திருக்கிற கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் செம்மண் நிறத்தில் இறங்கிவிடும். அதனால் எல்லாவற்றையும் அரிசி டப்பாவில் நாப்தலின் உருண்டை போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இதில் என் பிரியத்துக்குரிய எழுத்தாளர் புதுக்கோட்டையிலேயே இருக்கிறார் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே புனைபெயரில் பத்து ஒற்றர் நாவல்கள் எழுதி, பிறகு நிறுத்திவிட்டவர். இப்போது எண்பதை நெருங்குகிறார். நான் தேடிப் போய்க் கதவைத் தட்டியபோது ஏதோ நோட்டீஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்று பயந்துபோனார். என் பையிலிருந்து அவருடைய நாவல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மேலே ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழே புனைபெயர், அதன் கீழே நேராக ஒரு கோடு. அவரிடமே அவர் எழுதியதில் ஒரு பிரதி கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார், ஒருவரும் திருப்பித் தரவில்லை.

அன்றைக்கு ஒன்பது நாவல்கள் என்னிடம் இருந்தன. முதல் நாவல் மட்டும் இல்லை. அடுத்த வருடமே அது கிடைத்தது.

அறந்தாங்கியில் ஒரு பழைய பேப்பர் கடையில், பாடப்புத்தகக் கட்டுக்கு நடுவே இருந்தது. அட்டையைத் திருப்பினேன். பிள்ளையார் சுழி, கையெழுத்து, கோடு. கோட்டுக்குக் கீழே அவர் எழுத்திலேயே "என் முதல் வாசகிக்கு" என்று ஒரு வரி. அவர் மனைவிக்குக் கொடுத்த பிரதி என்பது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நல்ல மனுஷியாக இருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போயிருக்க வேண்டும். நான் மீமிசல் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவில் வைத்து மூடினேன். பத்தும் என்னிடம் இருக்கிறது என்கிற சந்தோஷத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு நாலு வருடம். போனில் பேசும்போதெல்லாம் அவர், "மொத நாவல் எங்கயாச்சும் கெடச்சுதாம்மா?" என்று கேட்பார். "இல்ல சார், தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்பேன். முதல் தடவை நாக்கு கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை. நான் ஒன்றும் திருடவில்லையே, அவர்களே பழைய பேப்பருக்குப் போட்டதைத்தானே எடுத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அவர் நம்பர் போனில் வந்தால் நாலைந்து மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன்.

போன மாதம் ஒருநாள் கூப்பிட்டார். மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை நடந்து நன்றாகப் பார்வை வந்துவிட்டது என்றார். குரலில் அப்படி ஒரு குதூகலம். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவளுக்குன்னு எழுதிக் குடுத்த புத்தகம்மா அது. அவ படிக்கிறதுக்குள்ள நான் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேன். யாருக்குன்னு முப்பது வருசமா யோசிக்கிறேன், ஞாபகத்துக்கு வரல. அவ ஒரு வார்த்த கேக்கல, அதான் எனக்குத் தாங்கல. இப்பக் கண்ணு தெரியுது. கையெழுத்து இல்லாட்டியும் பரவால்ல. ஒரு காப்பி கெடச்சா அவ கையில குடுத்துருவேன்."

நான் அரிசி டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "பாக்குறேன் சார்," என்றேன். அன்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. ஆனால் எப்படிக் கொடுப்பது? நேரில் போய், இப்போதுதான் கிடைத்தது என்று அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல என்னால் ஆகாது, நாலு வருடப் பொய்யும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஆனால் உறையில் அனுப்புநர் முகவரி எழுத வேண்டும், போதாக்குறைக்கு என் அலுவலக முத்திரையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தபால்காரியான நான் தபாலை நம்பாமல், எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மருந்து, சாவி, மாவு, ஜாதகம், எதுவானாலும் இங்கே பஸ்ஸில்தான் பயணம் போகும். கண்டக்டரிடம் கொடுத்தால் அந்தந்த ஊரில் போன் போட்டு வரச்சொல்லிக் கொடுத்துவிடுவார். நாவலைப் பாலித்தீனில் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, நாளிதழில் பொதிந்து, ஜவுளிக்கடை மஞ்சப்பையில் போட்டு, வாயை இறுக முடிந்தேன். பையின் மேல் எதுவும் எழுதவில்லை. வருடா வருடம் பொங்கல் வாழ்த்து எழுதிப் போடுகிறவள், என் எழுத்து அவருக்குத் தெரியுமே. படித்த நாவல்கள் வீண் போகவில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம் வேறு.

வெள்ளிக்கிழமை காலை புதுக்கோட்டை பஸ் வந்ததும் பையைக் கொடுத்து, அவருடைய நம்பரை வாயால் சொன்னேன்.

"யாரு குடுத்தான்னு சொல்லவா போஸ்ட்டாபீஸ் அக்கா?"

"அதெல்லாம் வேணாம் தம்பி. வந்து வாங்கிக்கிடச் சொன்னாப் போதும்."

சாயங்காலம் வரை பொறுத்திருந்துவிட்டு, சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி அவருக்குப் போன் செய்தேன். அவர் சந்தோஷத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அவர் குழப்பமாக இருந்தார்.

"ஏம்மா, ஒங்க பக்கத்துலேர்ந்து யாரோ கருவாடு அனுப்பிச்சிருக்காங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா. யாருன்னு கண்டக்டருக்கும் தெரியலயாம். வாசன வீட்டத் தூக்குது."

பை மாறிவிட்டது. அவருடைய நாவல் ஒன்றில் ஒரே மாதிரி இரண்டு சூட்கேஸ்கள் ரயிலில் மாறிப் போகும். 'இதெல்லாம் நடக்குற காரியமா சார்?' என்று அவரிடமே கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது அது எனக்கே நடந்துவிட்டது. பையில் பெயர் இல்லை, நம்பர் இல்லை. யார் கையில் கிடைத்திருந்தாலும் அது அவர்களுக்கு அடுப்பு மூட்டுகிற பழைய பேப்பர்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் தொலைத்ததை, கைக்குக் கிடைத்த பிறகு நான் இன்னொரு தடவை தொலைத்துவிட்டேன்.

அதே பஸ் ஆறு மணிக்குத் திரும்பி வரும்வரை சாலையோரத்தில் நின்றேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்ததும் படியிலிருந்து இறங்கிவிட்டார். காலையில் அவரிடம் இரண்டு மஞ்சப்பைகள் வந்திருந்தன. இரண்டும் ஒரே ஜவுளிக்கடை, இரண்டும் வாய் முடிந்தது, உள்ளே இரண்டும் பேப்பரில் பொதிந்தது. தன் போனை எடுத்துக் காட்டினார். ஒரு நம்பருக்கு 'மஞ்சப்பை' என்று பெயர். இன்னொன்றுக்கு 'மஞ்சப்பை 2'.

"மோந்து பாத்தாத் தெரிஞ்சிருக்குமே தம்பி," என்றேன்.

"இந்த ரூட்டுலயாக்கா?"

அதுவும் நியாயம்தான். ஜெகதாப்பட்டினத்து மீன் கூடைகள் ஏறி இறங்குகிற பஸ்ஸில் எந்தப் பையை மோந்தாலும் ஒரே வாசனைதான். 'மஞ்சப்பை' அறந்தாங்கியில் இறங்க வேண்டியது. 'மஞ்சப்பை 2' என்னுடையது. என்னுடையதை அறந்தாங்கியில் இறக்கியிருந்தார். அந்த நம்பரை வாங்கி அங்கேயே நின்று கூப்பிட்டேன். வயதான ஓர் அம்மாள் எடுத்தார்.

"ஆமா, மருமகளுக்குப் பால்சுறாக் கருவாடு வரும்னு பாத்தா பொஸ்தகம் வந்துருக்கு. பிள்ள பெத்தவளுக்குப் பொஸ்தகத்தக் கொழம்பு வச்சா குடுக்குறது?"

"அத எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் கெடக்கும். வந்து பாருங்க ஆத்தா."

எங்கேயாவது கிடக்கும் என்ற சொல்லோடு அன்றைய பொழுதைக் கழித்தேன். சனிக்கிழமை மதியம் அலுவலகத்தை மூடியதும் பஸ் ஏறினேன். அவர்கள் வீடு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். போனில் பேசிய மாமியார் என்னைக் கண்டதும் கருவாடு எங்கே என்றுதான் முதலில் கேட்டார். ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் மருமகளின் அக்கா, தங்கைக்குப் பால் ஊறட்டும் என்று தேடிப்பிடித்து அனுப்பியது. புதுக்கோட்டையில் பத்திரமாக இருக்கிறது, இன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கு முகம் தெளிந்தது. புத்தகத்தை அவர் நேற்றே வாசல் பக்கம் போட்டதாகவும் காலையில் காணவில்லை என்றும் சொன்னார். வாசலில் ஒரு தடவை குனிந்து தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

உள்ளறையிலிருந்து மருமகள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். கைக்குழந்தையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்து, குழந்தைக்கு விரிக்கிற துணிகளுக்கு அடியிலிருந்து நாவலை எடுத்தாள்.

வயிற்றில் பாலை வார்த்தாள். சும்மா சொல்லவில்லை, எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"பச்ச ஒடம்புக்காரி படிச்சா கண்ணு போயிரும்னு போனக்கூடப் புடுங்கி வச்சுட்டாங்கக்கா. இருவத்தி ரெண்டு நாளா செவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கேன். வாசல்ல இது கெடந்துச்சு. அத்தை குளிக்கப் போறப்ப, கடைக்குப் போறப்பன்னு படிச்சுட்டேன். இன்னும் பத்துப் பக்கந்தான் இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். படித்த இடத்துக்கு அடையாளமாக ஒரு பக்கத்தின் முனையை மடித்திருந்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினேன். கையெழுத்து இருந்தது, கோடு இருந்தது, 'என் முதல் வாசகிக்கு' இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. குழந்தைக்கு மை வைத்த கையோடு புரட்டியிருக்கிறாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்த வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கைநாட்டை நான் என்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்?

"மை பட்டுருச்சுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கப்பல்ல ரெண்டு பக்கமும் வேல பாக்குறது யாருன்னு மட்டும் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

"அத நான் சொல்ல மாட்டேன். நீயே படி," என்று புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அடுக்களைக்குப் போய், கருவாடு பெரிய துண்டா, பொடித் துண்டா, பூண்டு எத்தனை போடுவீர்கள் என்று மாமியாரிடம் கேட்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் பேசப் பேச, எனக்குப் பின்னால் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏதோ எல்லை தாண்டி ஓர் ஆளைக் கடத்துகிற மாதிரி இருந்தது. பத்துப் பக்கமும் முடிந்ததும் அவள் உள்ளேயிருந்து, "அக்கா, பிள்ள அழுகுறானா?" என்று குரல் கொடுத்தாள். அழாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நான் அந்த டாக்டருன்னுல்ல நெனச்சேன்," என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அங்கிருந்து புதுக்கோட்டை போகும்வரை பையை மடியை விட்டு இறக்கவில்லை. இனிமேல் யாரிடமும் கொடுத்துவிடுவதாக இல்லை. ஒளிந்துகொண்டு செய்த உதவி என்ன லட்சணத்தில் முடிந்தது என்று பார்த்தாகிவிட்டது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஆனால் எழுத்தாளர் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், நின்ற இடத்திலேயே பையைப் பிரித்து நாவலை நீட்டினேன்.

"நாலு வருசமா எங்கிட்டத்தான் சார் இருந்துச்சு. ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் அட்டையைத் திருப்பினார். தன் எழுத்தைத் தானே நெடுநேரம் பார்த்தார்.

"நான் கேட்டப்பல்லாம் இல்லன்னீங்களேம்மா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆமா சார்."

"ஏன்?"

"குடுக்க மனசு வரல."

அவர் தலையாட்டினார். "அதுதான் சேக்குறவங்க புத்தி," என்றார். அவர் விலகி வழிவிட்டதும் நான் உள்ளே போனேன். நாலு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த நிலைப்படியிலேயே இறங்கிவிட்டது.

அவர் மனைவி ஜன்னலோரம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "கருவாட்டுக்குச் சொந்தக்காரங்களா? மாடியில கட்டித் தொங்கவிட்டுருக்கு," என்றார். எழுத்தாளர் புத்தகத்தை மனைவியின் மடியில் வைத்தார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அட்டையைப் பார்த்தார். உள்ளே திருப்பி அந்த வரியைப் படித்தார். மை ரேகையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். எழுத்தாளர் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பர் வாங்கக் காத்திருக்கிற மாதிரி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கேருந்து கெடச்சுச்சு?" என்று அம்மாள் என்னைக் கேட்டார்.

அறந்தாங்கிப் பழைய பேப்பர் கடையில் என்றேன்.

"அவ்வளவு தூரம் போயிருக்கு," என்றார். பிறகு கணவரைப் பார்த்தார். "நீங்க யாருக்கும் குடுக்கல. நாந்தான் போட்டேன்."

அவருக்குப் புரியவில்லை.

"சின்னவனுக்கு மூணு நாளாக் காய்ச்சல். நீங்க கதவச் சாத்திக்கிட்டு ரெண்டாவது கதைய எழுதிக்கிட்டு இருந்தீங்க. தெருவுல பழைய பேப்பர்காரரு போனாரு. இது இருக்குன்னு தெரிஞ்சுதான் கட்டோட தூக்கிப் போட்டேன். மறுநா மனசு கேக்காம அவரத் தேடி மார்க்கெட் வரைக்கும் போனேன். ஆளக் காணோம். நீங்க வேற, யாருக்கோ குடுத்துட்டேன் குடுத்துட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. சொல்ல வாய் வரல. அப்படியே விட்டுட்டேன்."

எனக்கு எழுந்து மாடிக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. கருவாட்டை எடுக்கிற சாக்கு கையிலேயே இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நகர முடியவில்லை.

"அப்ப நான் தொலைக்கல," என்றார்.

"நீங்க தொலைக்கல."

"நான் யாருக்கும் குடுக்கல."

"குடுக்கலங்க."

அவர் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்தார். அந்த வீட்டுக்கு நான் போன தடவையெல்லாம் அவர் முதுகு நாற்காலியில் பட்டுப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெல்ல விட்டார். கோபம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு சத்தமாகவே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையை எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு புத்தகத்தை எட்டக் கொண்டுபோய், கிட்டக் கொண்டுவந்து, எழுத்து தெளிவாகத் தெரிகிற தூரத்தில் நிறுத்தி, முதல் அத்தியாயத்தைத் திருப்பினார்.

"எந்திரிச்சு அங்கிட்டுப் போங்க," என்றார். "பக்கத்துல ஒக்காந்து மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் படிக்க ஓடாது."